உறைஞ்ச அருவிக்குக் குழந்தையோட போறீங்களா? நான் பண்ண தப்பைக் கேட்டுட்டுப் போங்க

"கனடா குளிர்ல குடும்பத்தோட வெளியே எங்கதான் போறது?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் கால்கரிக்கு வந்து நாலு வருஷம் ஆகுது. இந்தக் கேள்விக்கு என்கிட்ட இருக்கிற பதில் ஜான்ஸ்டன் கேன்யன். ஆனா அதே இடத்துலதான் என் அக்கா பையன் விஷயத்துல ஒரு பெரிய தப்பும் பண்ணேன். அதனால ரெண்டையும் சேர்த்தே சொல்லிடுறேன்.

முதல்ல இடத்தைப் பத்தி. பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள்ள, பான்ஃப் ஊர்ல இருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துல இருக்கு. ஒரு மலை ஓடை சுண்ணாம்புப் பாறையை ஆயிரக்கணக்கான வருஷமா அறுத்து அறுத்து உண்டாக்கின இடுக்கு அது. ரெண்டு பக்கமும் செங்குத்தான பாறை, கீழே ஓடை. நாம நடக்கிற பாதை பல இடங்கள்ல அந்தப் பாறைச் சுவர்லயே பொருத்தின நடைமேடை. பக்கத்துல கைப்பிடிக் கம்பி இருக்கு. கீழ் அருவிக்கு 1.2 கிலோமீட்டர், மேல் அருவிக்குச் சுமார் 2.5 கிலோமீட்டர். ஏத்தமும் பெருசா கிடையாது. கோடையில நிக்கவே இடம் இருக்காது. குளிர்காலத்துல கூட்டம் குறைஞ்சிடும், நிம்மதியா நடக்கலாம்.

வீடியோ காலில் அருவியைக் காட்டினப்போ அம்மா கேட்ட முதல் கேள்வி, "குளிக்கலாமாடா?" குற்றாலத்துக்காரங்க வேற எப்படிக் கேப்பாங்க! ரெண்டாவது கேள்வி ரொம்ப நல்ல கேள்வி: "ஓடுற தண்ணி எப்படிடா உறையும்?"

உண்மையில அது ஒரே நாள்ல உறையறதில்ல. தண்ணி 0 டிகிரிக்கு வந்துட்டா மட்டும் ஐஸ் ஆகிடாது, அதுக்கப்புறமும் நிறைய வெப்பத்தை வெளியே விடணும். எவ்வளவுன்னா, 80 டிகிரி சுடுதண்ணியை 0 வரைக்கும் ஆற வைக்க எவ்வளவு வெப்பத்தை எடுக்கணுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. அதனால அருவி முதல்ல ஓரத்துலதான் உறையும். சாரல் தெறிச்சுப் பாறையில ஒட்டும், அது மேல அடுத்த சாரல், அது மேல இன்னொண்ணு. இப்படியே வாரக்கணக்கா வளர்ந்து, ஒரு கட்டத்துல ஐஸே அருவிக்குப் போர்வை மாதிரி ஆகிடும். உள்ளே தண்ணி ஓடிக்கிட்டேதான் இருக்கும். கீழ் அருவிகிட்ட பாறையில ஒரு சின்னக் குகை இருக்கு. குனிஞ்சு உள்ளே போய் நின்னா, ஐஸுக்குப் பின்னாடி தண்ணி ஓடுற சத்தம் கேக்கும். எனக்கு அந்த இடம்தான் மொத்த நடையிலயும் பெஸ்ட்.

இன்னொரு விஷயம், அந்த நீல நிறம். ஃபில்டர் இல்லைங்க! கெட்டியான ஐஸ் வெளிச்சத்துல இருக்கிற சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிடும், மிச்சம் நம்ம கண்ணுக்கு நீலமா வரும். காற்றுக் குமிழி நிறைய மாட்டிக்கிட்ட ஐஸ்தான் வெள்ளையாத் தெரியும். மேல் அருவிகிட்ட அந்த ஐஸ் சுவத்துல கயிறு கட்டி ஏறுறவங்களையும் பார்க்கலாம்.

சரி, இப்ப நம்ம கதை.

போன பிப்ரவரியில அக்கா குடும்பம் டொராண்டோவுல இருந்து வந்திருந்தாங்க. அக்கா, அத்தான், ஆறு வயசுப் பொண்ணு, ரெண்டு வயசுப் பையன். நான் எஞ்சினியர் புத்தியோட தூரம், ஏத்தம், நேரம் எல்லாத்தையும் பார்த்து, "இது ஈஸிக்கா, குழந்தைங்களே போற ரூட்டு"ன்னு சொல்லிட்டேன். கால்கரியில கிளம்பும்போது மைனஸ் 8. கேன்யன் பார்க்கிங்ல கார் காட்டினது மைனஸ் 17. ஆழமான இடுக்குல குளிர்காலச் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது, குளிர்ந்த காத்து கனமா இருக்கிறதால கீழேயே தங்கிடும். ஊருக்கான வெதர் ஆப்பை நம்பி டிரஸ் பண்ணிட்டுப் போனா இதுதான் கதி.

வழுக்குறதுக்கு மட்டும் நல்லா தயாரா போனோம். எல்லாரும் ஷூ மேல க்ளீட்ஸ் மாட்டியிருந்தோம். ரப்பர் பட்டையில இரும்பு முள் வச்சது. இது இல்லாம அங்க போகவே போகாதீங்க. புதுசா பனி பெய்யலைன்னாலும், நடந்து நடந்து பாதை கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது தெரியும்.

சின்னவனை நான் முதுகு கேரியர்ல வச்சுத் தூக்கிட்டு நடந்தேன். எனக்கு வியர்த்துச்சு, ஜாக்கெட் ஜிப்பைக்கூட இறக்கிவிட்டேன். அவன் முதல்ல கொஞ்சம் சிணுங்கினான், அப்புறம் சத்தமே இல்ல. "சமத்தா தூங்கிட்டான்"னு நாங்க சந்தோஷமா போட்டோ எடுத்துட்டு இருந்தோம்.

கீழ் அருவிகிட்ட அக்கா எதேச்சையா அவன் காலைத் தொட்டா. கேரியர்ல உக்காந்ததுல பேண்ட் மேல ஏறி, பூட்ஸுக்கும் பேண்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு வெறும் தோல். பூட்ஸைக் கழட்டினா, விரல் எல்லாம் வெள்ளையா, கல்லு மாதிரி சில்லுனு இருந்துச்சு. அழுத்தினாலும் அவன் காலை இழுக்கவே இல்ல.

அத்தான் பதறிப் போய்த் தேய்க்க ஆரம்பிச்சார். அக்கா கையைத் தட்டிவிட்டா. குளிர்ல விறைச்ச தோலைத் தேய்ச்சா இன்னும் காயம்தான் ஆகும். அவ ஜாக்கெட்டைத் திறந்து, அவன் காலை ரெண்டையும் தன் வயித்து மேல வச்சு மூடிக்கிட்டா. அப்படியே திரும்பி நடந்தோம். மேல் அருவியைப் பத்தி யாரும் பேசவே இல்ல. கார்ல கால் சிவக்க ஆரம்பிச்சதும் அவன் வீல்னு கத்தினான். உணர்ச்சி திரும்பும்போது வலிக்கும். அந்த அழுகையைக் கேட்டப்போதான் அக்கா முதல் தடவையா மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆகல. வெள்ளை மறையாம இருந்தாலோ, கொப்புளம் வந்தாலோ நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

நான் எங்க கோட்டை விட்டேன்? நடக்கிறவன் உடம்பு தானே சூடாகும், தசை வேலை செய்யுதுல்ல. முதுகுல இருக்கிறவன் அசையாம உக்காந்திருக்கான். சின்ன உடம்பு, எடைக்குத் தோல் பரப்பு ஜாஸ்தி, வெப்பம் சீக்கிரம் போயிடும். போதாக்குறைக்குத் தொங்குற கால்ல ரத்த ஓட்டமும் குறையும். நாங்க வேற 'ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்'னு ரெண்டு சாக்ஸ் போட்டு பூட்ஸ்ல திணிச்சிருந்தோம். இறுக்கமான பூட்ஸுக்குள்ள சூட்டைத் தேக்கி வைக்கிற காத்துக்கு இடமே இல்ல. எனக்கு வியர்த்ததை வச்சு, அவனுக்கும் குளிராதுன்னு நினைச்சுட்டேன். அதுவும் ரெண்டு வயசுக் குழந்தை "கால் மரத்துப் போச்சு"ன்னு சொல்லுமா? அமைதியாகிடும், அவ்வளவுதான்.

மூணு வாரம் கழிச்சு அக்கா தன் வேலையா மறுபடி வந்தா, பசங்களையும் கூட்டிட்டு. "அங்கேயே போவோம்"னு சொன்னது அவதான். இந்தத் தடவை மைனஸ் 6. பையனுக்கு ஒரு சைஸ் பெரிய பூட்ஸ், ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், கால் முதல் கழுத்து வரைக்கும் ஒரே துண்டா இருக்கிற ஸ்னோ சூட். போன்ல 15 நிமிஷத்துக்கு ஒரு டைமர். அடிச்சா நின்னு கையுறையைக் கழட்டி அவன் கன்னம், கை, கால் தொட்டுப் பார்க்கணும். சமதளமா, பள்ளம் பக்கத்துல இல்லாத இடத்துல இறக்கி நடக்கவும் விட்டோம். ஃபிளாஸ்க்ல சுடச்சுட போர்ன்விட்டா. போனை உள் பாக்கெட்ல வச்சேன், குளிர்ல பேட்டரி பொசுக்குனு இறங்கிடும்.

மேல் அருவி வரைக்கும் போனோம். ஐஸ் சுவத்துல ஒருத்தர் தொங்கிட்டு இருந்ததைப் பார்த்து பெரியவ கேட்டா: "மாமா, அவர் காலை யாரு தொட்டுப் பார்ப்பாங்க?"