அமீர்: பட்டமா, பொறுப்பா?



மக்தபில் ஒரு மாணவன் கேட்டான்: "ஹஜ்ரத், அமீர் என்றால் பணக்காரர்தானே?" உருது மொழியை வைத்துப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். ஆனால் அரபியில் இச்சொல்லுக்கும் செல்வத்துக்கும் தொடர்பே இல்லை.

'அம்ர்' என்றால் கட்டளை. கட்டளையிடும் பொறுப்பில் உள்ளவர் 'அமீர்'. ஆரம்ப காலத்தில் இது பெரும்பாலும் படைத்தலைவரையே குறித்தது. மூன்று பேர் பயணம் சென்றால் ஒருவரை அமீராக்கிக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதிலிருந்து, இது பரம்பரைப் பட்டமல்ல, வேலைக்கான பொறுப்பு என்பது விளங்கும்.

முஃதாவில் மூன்று அமீர்கள்

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) இன்றைய ஜோர்டானிலுள்ள முஃதாவுக்குப் படை அனுப்பியபோது, ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அமீர், அவர் வீழ்ந்தால் ஜஅஃபர் (ரலி), அவரும் வீழ்ந்தால் அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) என்று நபி (ஸல்) அவர்கள் வரிசைப்படுத்தினார்கள். இந்த வரிசையில் இடம்பெறுவது சுகமான பதவியா? மூவருமே ஷஹீதானார்கள். பிறகு காலித் பின் வலீத் (ரலி) கொடியை ஏந்திப் படையைக் காத்துத் திரும்பினார்கள்.

முதல் அமீரான ஸைத் (ரலி) ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர் என்பதைக் கவனியுங்கள். பின்னர் அவருடைய மகன் உஸாமா (ரலி) இருபது வயதையொட்டிய இளைஞராக இருந்தபோதே, மூத்த ஸஹாபாக்கள் இருந்த படைக்கு அமீராக்கப்பட்டார். சிலர் குறை பேசினர். அவர் தந்தையின் தலைமையையும் இப்படித்தான் குறை கூறினீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள்.

உமர் (ரலி) கலீஃபாவானதும், வெற்றி மேல் வெற்றி கண்ட காலித் (ரலி) அவர்களைத் தலைமையிலிருந்து நீக்கி, அபூ உபைதா (ரலி) அவர்களை நியமித்தார்கள். காலித் (ரலி) கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. புதிய அமீரின் கீழ் தொடர்ந்து போரிட்டார்கள். நேற்றைய தளபதி இன்று படைவீரர்!

கடல் கடந்த சொல்

ஐரோப்பியர் கடற்படைத் தலைவரை 'அட்மிரல்' என்கிறார்களே, அதுவும் இந்த அமீர்தான். சிசிலித் தீவில் முஸ்லிம்கள் கி.பி. 827இல் கால்பதித்தனர். 1091க்குள் நார்மன்கள் தீவு முழுவதையும் கைப்பற்றினர். ஆனால் 'அமீர்' என்ற பதவிப் பெயரை அவர்கள் கைவிடவில்லை. இரண்டாம் ரோஜர் மன்னரின் கடற்படைத் தலைவர் அந்தியோக்கியா ஜார்ஜ் ஒரு கிறிஸ்தவர். அவர் பெற்ற பட்டமோ 'அமீர்களின் அமீர்'! பலெர்மோவில் அவர் கட்டிய தேவாலயம் இன்றும் அட்மிரலின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அங்கிருந்து இச்சொல் பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் பரவியது. சொல்லின் கடைசியிலுள்ள 'அல்', 'அமீர் அல் பஹ்ர்' (கடலின் அமீர்) போன்ற தொடரின் எச்சம் என்பது பரவலான விளக்கம்.

கிழக்கே நடந்தது வேறு. மன்னர்களின் தர்பாரில் 'அமீர் உமராக்கள்' பெரும் செல்வர்களாக இருந்தனர். நாளடைவில் பொறுப்பு மறைந்து செல்வம் மட்டும் பொருளாக நின்றுவிட்டது. அந்த மாணவன் கற்றிருந்தது இந்தப் பிந்திய பொருளைத்தான்.

நம் ஊர்களிலும் ஜமாஅத் தலைமைக்குப் போட்டி வரும்போது, முதலில் வசதியைப் பார்க்கிறோமா, தகுதியைப் பார்க்கிறோமா? தலைமையைக் கேட்டுப் பெற்றவர் அதனிடமே விடப்படுவார், கேட்காமல் கொடுக்கப்பட்டவர் அதில் உதவி செய்யப்படுவார் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ள நபிமொழியின் கருத்து.

மாணவனிடம் இப்படிச் சொன்னேன்: "அமீர் என்றால் பணக்காரர் அல்ல தம்பி. மறுமையில் அதிகம் பதில் சொல்ல வேண்டியவர்."

அல்லாஹ் நம் தலைவர்களுக்கு அந்த அச்சத்தைத் தருவானாக. ஆமீன்.