கௌதாரி இறகு, ஆரஞ்சுப் பட்டு

இந்தச் சிறு தூண்டில் முள்ளில் இருப்பவை இரண்டே பொருள்கள்: ஆரஞ்சுப் பட்டுநூல், கௌதாரி முதுகின் பழுப்பு இறகு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், வார்ஃப், யூர் போன்ற ஆறுகளில் ட்ரவுட் மீன் பிடிப்போர் வீட்டிலேயே கட்டிக்கொண்ட செயற்கைப் பூச்சி இது. அவ்வட்டாரப் பூச்சிகளைத் தொகுத்து டி. ஈ. பிரிட் 1885-இல் நூலாக வெளியிட்டார்.

முள்ளின் தண்டில் பட்டுநூலை ஒரே அடுக்காகச் சுற்ற வேண்டும். இறகுக்கு ஒன்றரைச் சுற்று, மிஞ்சினால் இரண்டு. இறகின் இழைகள் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். கட்டுபவரின் கைத்திறமை அந்தச் சிக்கனத்தில்தான் இருக்கிறது. அடர்த்தியாகக் கட்டினால் அசைவு போய்விடும். இது மிதப்பதற்கானது அல்ல. நீருக்குள் ஓட்டத்தோடு போகையில் மெல்லிய இழைகள் விரிந்து ஒடுங்கும். மேலேறி வரும் பூச்சியின் கால்கள் என்று ட்ரவுட் கவ்வும். விறைப்பான சேவல் இறகு இதற்கு ஆகாது.