தாமே முளைத்தவை – 9: பூக்கும்வரை பொறுங்கள்

மழை விட்டுச் சில நாள் ஆனதும், கத்தரி வைத்த தொட்டியின் ஓரத்தில் ஒரு செடி படர்ந்து கிடக்கும். தண்டு சிவப்பு. இலை தடித்து வழவழவென்று இருக்கும். கிள்ளினால் நீர் கசியும். யாரும் விதைத்ததில்லை. இது என்ன, சமைக்கலாமா என்பதுதான் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி.

இலை தடித்திருப்பதை மட்டும் வைத்து ஒரு செடிக்குப் பெயர் சொல்லவே முடியாது. தண்ணீரைச் சேர்த்து வைக்கும் வழக்கம், ஒன்றுக்கொன்று உறவில்லாத பல தாவரக் குடும்பங்களில் தனித்தனியாக வந்திருக்கிறது. பிரண்டை திராட்சைக்குச் சொந்தம். ரணகள்ளிக்கும் திருகுகள்ளிக்கும் ஒட்டுறவு கிடையாது.

தொட்டியில் படர்ந்தது பெரும்பாலும் பருப்புக்கீரையாக இருக்கும். ஆனால் அதே ஈர மண்ணில் சாரணையும், தரையோடு படரும் பாலாடை வகைகளும் கலந்து முளைக்கும். முதலில் தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பால் வந்தால் அது பருப்புக்கீரை அல்ல. பாலாடைக்கு இலை சிறியது, தடிப்பும் குறைவுதான். என்றாலும் அவசரத்தில் கை இரண்டையும் சேர்த்தே கிள்ளிவிடும். அந்தப் பால் தோலில் பட்டால் எரிச்சல் தரும், கண்ணில் பட்டால் ஆபத்து. பாலுள்ள செடிகளில் சில சித்த மருத்துவத்தில் பயன்படுகின்றன. அதை வைத்தியர் பார்த்துக் கொடுக்கட்டும், நாமாகக் கடைந்து சாப்பிட வேண்டாம்.

பால் வராவிட்டாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். சாரணையிலும் பால் கிடையாது. அதன் இலைகள் எதிரெதிராக ஜோடி சேர்ந்திருக்கும். ஜோடியில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. இலைக்காம்பின் அடி விரிந்து பை போலத் தண்டைச் சுற்றியிருக்கும். அந்தப் பைக்குள்ளேதான் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூ பாதி மறைந்து பூக்கும். பருப்புக்கீரையில் இலைகள் கிளை நுனியில் கொத்தாகக் கூடும். நடுவில் சின்ன மஞ்சள் பூ, வெயில் ஏறியதும் விரிந்து சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். இரண்டின் காயும் மேல்மூடி கழன்றே திறக்கும் என்பதால் அங்கே ஏமாந்துவிடக் கூடாது, விதையைப் பார்க்க வேண்டும். பருப்புக்கீரையின் விதை கசகசாவைவிடப் பொடி, ஏராளம். சாரணையில் சிலதான் இருக்கும், பெரிதாக இருக்கும்.

மேலிருந்து எடுத்த ஒரு கைப்பேசிப் படத்தில் இவற்றில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் செயலிகள் சொல்லும் பெயரை மட்டும் நம்பிச் சமைக்க வேண்டாம் என்கிறேன். திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே.எம். மத்தேயு 1967இல் தொடங்கிய இராபினாட் உலர்தாவரகம் போன்ற இடங்களில், பூவும் காயும் உள்ள மாதிரியைத்தான் மதிப்பார்கள். நீங்களும் ஒரு கிளையைப் பூக்கும்வரை விட்டு வையுங்கள்.

பருப்புக்கீரைதான் என்று உறுதியானால், அது எப்பேர்ப்பட்ட செடி என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண நாளில் கரும்பும் சோளமும் போல விறுவிறுவென்று உணவு தயாரிக்கிறது. தண்ணீர் குறைந்தால் கள்ளிகளின் வழிக்கும் போகிறது: பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து காற்றை வாங்கி, அமிலமாகச் சேர்த்து வைக்கிறது. இந்த இரண்டு வழிகளும் ஒரே செல்லுக்குள் இணைந்து நடப்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். காய்ந்த மண்ணில் வளர்ந்த செடியை விடியற்காலையில் பறித்தால் புளிப்புத் தூக்கலாக இருப்பதும் இதனால்தான். மாலையில் பறித்தால் புளிப்பு குறையும்.

ஆக்சலேட் நிறைய உள்ள கீரை இது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்கள் இளம் நுனிகளைப் பாசிப்பருப்போடு வேகவைத்துப் பூண்டு தாளித்துக் கடையலாம்.

சாரணையை மூக்கிரட்டை என்று நினைத்து மருந்துக்குப் பறிக்கும் பழக்கமும் இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)