சாவி கேட்டா குடுக்கலாமா, மச்சி?

"மச்சி, வண்டி சாவி குடு. பத்தே நிமிஷம், வந்துடறேன்!"

இந்த டயலாக்கைக் கேட்காம ஹாஸ்டல்ல ஒரு வாரத்தைத் தள்ளியிருப்பீங்களா? சான்ஸே இல்லை. நானும் கேட்டேன், போன செமஸ்டர்ல ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. மெஸ்ல உப்புமா. ரூம்மேட்டுக்குப் பரோட்டா ஆசை. மறுநாள் இன்டர்னல் டெஸ்ட். புக்ல இருந்து தலையைத் தூக்காமலே சாவியைத் தூக்கிப் போட்டேன்.

பத்து நிமிஷம் போய் ஒரு மணி நேரம் ஆச்சு. அப்புறம்தான் போன் வந்தது... போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து.

இருட்டுல ஸ்பீட் பிரேக்கர் தெரியலை. சடார்னு பிரேக் அடிச்சிருக்கான். வண்டி சறுக்கி, சைக்கிள்ல வந்த ஒரு பெரியவர் மேல மோதிடுச்சு. அவருக்குக் கால் எலும்புல விரிசல். இவனுக்கு முழங்கையில சிராய்ப்பு. நான் அரக்கப் பரக்க ஓடிப்போய் நின்னப்ப, என்கிட்ட கேட்ட முதல் கேள்வி "யார் ஓட்டினது?" இல்லை. "வண்டி யார் பேர்ல இருக்கு?"

ஆர்.சி. புக்ல இருந்தது எங்கப்பா பேர். ரூம்மேட்கிட்ட இருந்தது, காலாவதியாகி ரெண்டு மாசம் ஆன எல்.எல்.ஆர்.!

விடியற்காலை முதல் பஸ் பிடிச்சு அப்பா வந்து சேர்ந்தார். என்னைத் திட்டலை. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெரியவர் கட்டில் பக்கத்துல உட்கார்ந்தார். எனக்குத்தான் எங்கே நிக்கறதுன்னு தெரியலை.

அதுக்கப்புறம்தான் சட்டத்தை எடுத்துப் படிச்சேன். அரியர் பேப்பருக்குக்கூட நான் அப்படிப் படிச்சதில்லை!

ஹெல்மெட் தெரியும்... இது தெரியுமா?

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல பெரிய அளவுல திருத்தினாங்க. அந்த வருஷம் செப்டம்பர் 1-ம் தேதி பெரும்பாலான திருத்தங்கள் அமலுக்கு வந்துச்சு. அதையொட்டி தமிழ்நாட்டுல ஸ்பாட் ஃபைன் தொகைகள் உயர்ந்தது 2022 அக்டோபர்ல. ஹெல்மெட் இல்லைன்னா நூறு ரூபாய்னு இருந்தது ஒரே தாவா 1,000 ஆனதும், பின்னாடி உட்கார்ந்தவர் தலையும் கணக்குல வந்ததும் எல்லோருக்கும் தெரியும். மீம்ஸ் போட்டே ஓய்ஞ்சுட்டோம்.

ஆனா, நாம கவனிக்காம விட்டது ரெண்டு பிரிவுகள். லைசென்ஸ் இல்லாம ஓட்டினா பிரிவு 181. முன்னாடி 500 ரூபாய் வரைக்கும் அபராதம், இப்போ 5,000. சரி, ஓட்டினவன் கட்டட்டும்னு நினைப்பீங்க. அதுக்கு முந்தின பிரிவு 180 என்ன சொல்லுது தெரியுமா? லைசென்ஸ் இல்லாதவர்கிட்ட வண்டியை ஓட்டக் குடுத்தவருக்கும் அதே 5,000, இல்லைன்னா மூணு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டும்!

அதுவும் வண்டியோட ஓனர் மட்டும் இல்லை பாஸ், 'வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும்' அதுல அடக்கம். அதாவது, உப்புமா ராத்திரியில சாவியைத் தூக்கிப் போட்ட நான்.

சீனியர்ஸ் கவனத்துக்கு...

ஃபர்ஸ்ட் இயர் சேரும்போது நம்மில் பலருக்கு வயசு 17. ராகிங் பண்ணாத நல்ல சீனியரா இருக்கோம்னு, பாசத்துல ஜூனியருக்கு வண்டி குடுக்கறவங்க 2019-ல புதுசா சேர்ந்த 199ஏ பிரிவைப் படிச்சுடுங்க. பதினெட்டு வயசு நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தா, அவரோட கார்டியன் அல்லது வண்டி ஓனர்தான் குற்றவாளி. மூணு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டியோட ரிஜிஸ்ட்ரேஷன் 12 மாசத்துக்கு ரத்து. ஓட்டின பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. 'எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்'னா, அதை ஓனர்தான் நிரூபிக்கணும்.

"பதினாறு வயசுலயே லைசென்ஸ் தர்றாங்களே?"ன்னு கேட்கலாம். தர்றாங்க, பெற்றோர் சம்மதத்தோட. ஆனா, 50 சிசி-க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். அது அப்பா காலத்து டி.வி.எஸ். 50-க்குச் சரி. இன்னிக்கு மளிகைக்கடை அண்ணாச்சி ஓட்டற எக்ஸ்.எல். 100-கூட கிட்டத்தட்ட 100 சிசி!

எல்.எல்.ஆர். வெச்சிருக்கறவங்களுக்கும் ஒரு சேதி. அதுக்கு ஆயுள் ஆறே மாசம். 'எல்' போர்டு கட்டாயம். லைசென்ஸ் உள்ளவர் சொல்லிக்கொடுக்கப் பின்னாடி உட்காரலாம். மத்தபடி, பரோட்டாவுக்கு ஃப்ரெண்டை ஏத்திக்கிட்டுப் போறதெல்லாம் கூடவே கூடாது.

பேர் மாத்தாத பைக்

நம்ம காலேஜ்கள்ல இன்னொரு பாரம்பரியம் உண்டு. ஃபைனல் இயர் அண்ணன் போகும்போது பைக்கை ஜூனியருக்கு விப்பார். ஜூனியர் அவன் ஜூனியருக்கு. நாலு கை மாறியும் ஆர்.சி. மட்டும் முதல் அண்ணன் பேர்லயே இருக்கும். அவர் பெங்களூர்ல வேலை பார்த்துக்கிட்டிருப்பார், இங்கே சிக்னல் தாண்டினதுக்கு அவர் செல்லுக்கு அபராத மெசேஜ் போகும்!

காமெடி இதோட முடிஞ்சா பரவாயில்லை. வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ-வுக்குத் தெரியப்படுத்தணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள பேர் மாத்தணும்ங்கறது சட்டம். 2018-ல சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு போச்சு. வண்டி பல கை மாறியிருந்தது. விபத்து நடந்தப்ப ரிஜிஸ்டர்ல யார் பேர் இருந்ததோ, அவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்புன்னு தீர்ப்பு வந்துச்சு. வித்துட்டேன்னு அவர் சொன்னது எடுபடலை.

"இன்ஷூரன்ஸ் இருக்கே?" இருக்கு. ஆனா, ஓட்டினவர்கிட்ட லைசென்ஸ் இல்லைன்னு தெரிஞ்சே வண்டியைக் குடுத்திருந்தா? அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல்ல பணம் குடுக்கட்டும், அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு கோர்ட் சொல்லலாம். 2004-லயே சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கிடுச்சு. லட்சக்கணக்குல வரக்கூடிய தொகை அது. நம்ம பாக்கெட் மணியில அடங்காது.

சாவி குடுக்கறதுக்கு முன்னாடி...

* லைசென்ஸைக் கேளுங்க. டிஜிலாக்கர்ல காட்டினாலும் செல்லும். 'ரூம்ல இருக்கு மச்சி'ன்னா, சாவியும் ரூம்லயே இருக்கட்டும்.

* எல்.எல்.ஆர்-ல தேதியைப் பாருங்க. 30 நாள் முடிஞ்சதும், காலாவதி ஆகறதுக்குள்ள போய் 'எட்டு' போட்டுடுங்க.

* செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கினா, பெட்ரோல் போடறதுக்கு முன்னாடி பேர் மாத்த அப்ளை பண்ணுங்க.

* லைசென்ஸ் எடுக்க சோம்பலா? 30 வயசுக்குள்ள எடுத்தா 40 வயசு வரைக்கும் செல்லும். ஒரு நாள் கிளாஸ் கட் அடிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது!

அந்தப் பெரியவர் இப்போ நடக்கறார். லேசா ஒரு பக்கம் சாய்ஞ்சுதான். ரூம்மேட் லைசென்ஸ் எடுத்துட்டான். எங்க ஃப்ரெண்ட்ஷிப்புக்கும் ஒண்ணும் ஆகலை. ஆஸ்பத்திரிச் செலவு, அபராதம்னு எல்லாம் அப்பா பணம். அதுல ரூம்மேட் பாதியை மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டிருக்கான்.

அன்னிக்கு ஊருக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுல அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "நீ ஓட்டுவேன்னு நம்பித்தான்டா என் பேர்ல வாங்கினேன்."

உங்க வண்டி யார் பேர்ல இருக்கு பாஸ்? அடுத்த தடவை யாராவது 'பத்தே நிமிஷம்'னு கை நீட்டும்போது, அந்தப் பேரை ஒரு தடவை மனசுல சொல்லிப் பாருங்க.