நிலக்கரிச் சுரங்கம் முதல் போர்க்களம் வரை: வெடிபொருள் எங்கெல்லாம் பயன்படுகிறது? அதற்குக் கணக்கு ஏன் அவசியம்?

புதுடெல்லி: வெடிபொருள் என்றதும் குண்டுவெடிப்பும் போரும்தான் பலரது நினைவுக்கு வரும். ஆனால், அமைதிக் காலத்தில் நாட்டில் வெடிபொருள்களை அதிக அளவில் பயன்படுத்துவது ராணுவம் அல்ல, சுரங்கத் துறையே. 2024-25ஆம் நிதியாண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைக் கடந்தது. திறந்தவெளிச் சுரங்கங்கள் பலவற்றில், நிலக்கரியை மூடியுள்ள பாறை அடுக்குகளை வெடிவைத்துத் தகர்த்த பின்னரே அதனை வெட்டி எடுக்க முடிகிறது.

வெடிப்பு என்பது என்ன?

ஒரு கிலோ பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் ஆற்றல், அதே எடையுள்ள டிஎன்டி வெடிக்கும்போது வெளிப்படுவதைவிட ஏறத்தாழ 10 மடங்கு அதிகம். எனினும், பாறையைப் பிளப்பது டிஎன்டிதான். அதற்குக் காரணம் வேகம். பெட்ரோல் எரிவதற்குக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் தேவை. வெடிபொருளுக்குத் தேவையான ஆக்ஸிஜன் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. இதனால் கண் இமைப்பதற்குள் அது வெப்பமிக்க வாயுவாக மாறி, சுற்றியுள்ள அனைத்தையும் தள்ளுகிறது.

பழங்காலத் துப்பாக்கிகளில் நிரப்பப்பட்ட கரிமருந்து, விரைவாக எரியும் வகையைச் சேர்ந்தது. டிஎன்டி, ஆர்டிஎக்ஸ் போன்றவற்றில் வெடிப்பு அலை நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது.

அன்றாட வாழ்வில்

இமாச்சலப் பிரதேசத்தில் 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, மலையைத் துளையிட்டு, வெடிவைத்துக் குடைந்து அமைக்கப்பட்டது. நொய்டாவில் விதிமீறிக் கட்டப்பட்ட இரட்டைக் கோபுரங்கள், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2022 ஆகஸ்ட் 28 அன்று சுமார் 3,700 கிலோ வெடிபொருளைக் கொண்டு சில நொடிகளில் தரைமட்டமாக்கப்பட்டன.

வட மாநிலங்களில் பனிமூட்டம் சூழும்போது, சிக்னல் நெருங்குவதை ரயில் ஓட்டுநருக்கு உணர்த்தத் தண்டவாளத்தில் சிறு வெடிகளை வைக்கும் முறை ரயில்வேயில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. சக்கரம் ஏறியதும் எழும் ஓசையே எச்சரிக்கை. கார் விபத்துக்குள்ளாகும்போது, சிறிதளவு வேதிப்பொருள் வேகமாக எரிந்து உண்டாக்கும் வாயு, நொடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் ஏர்பேக்கை விரித்துவிடுகிறது.

தமிழில் 'வெடிமருந்து' என்று வழங்கும் பெயர், நைட்ரோகிளிசரினுக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தும். 1867இல் காப்புரிமை பெற்ற டைனமைட்டின் மூலப்பொருள் அதுவே. இதய நோயாளிகளின் நெஞ்சுவலியைத் தணிக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மருந்தும் அதுவே. டைனமைட்டைக் கண்டறிந்த ஆல்பிரட் நோபலுக்கே, அவரது இறுதிக் காலத்தில் இம்மருந்து பரிந்துரைக்கப்பட்டது.

ராணுவத்தில்

பீரங்கிக் குண்டுகள், ஏவுகணைகளின் போர்முனைகள், கண்ணிவெடிகள் ஆகியவற்றில் உயர்திறன் வெடிபொருள்கள் இடம்பெறுகின்றன. இவை குறித்த ஆய்வை டிஆர்டிஓ-வின் புனே ஆய்வகம் மேற்கொள்கிறது. அழிப்பது மட்டுமே இவற்றின் வேலை அல்ல. ஆபத்தில் சிக்கிய போர் விமானத்திலிருந்து விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறிந்து உயிர் காப்பதும், விண்ணில் பாயும் ராக்கெட்டின் அடுக்குகளைப் பிரிப்பதும் இத்தகைய சிறு வெடிப்புகளே.

ஒரே பொருள், இரு முகங்கள்

உரமாகவும், சுரங்க வெடிபொருளின் மூலப்பொருளாகவும் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட், லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அளவுக்கு ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று அது வெடித்ததில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னை மணலியில் சுங்கத் துறை பறிமுதல் செய்து வைத்திருந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், அதன் பின்னரே ஹைதராபாத்துக்கு அப்புறப்படுத்தப்பட்டது. ராணுவத் தேவைக்கான ஆர்டிஎக்ஸ் சதிகாரர்களின் கைக்குச் சென்றதன் விளைவை, 257 உயிர்களைப் பலிகொண்ட 1993 மார்ச் 12 மும்பை தொடர் குண்டுவெடிப்பு உணர்த்தியது.

சட்டம் சொல்வது என்ன?

உற்பத்தி, இருப்பு, விற்பனை, போக்குவரத்து ஆகிய அனைத்துக்கும் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி உரிமம் தேவை. தவறான பயன்பாட்டை 1908ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிக்கிறது. அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 2012இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு (பெசோ) இவற்றைக் கண்காணிக்கிறது.

மின் டெட்டனேட்டர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு தடை விதித்துள்ளது. அவற்றுக்கு மாற்றாக வரும் மின்னணு டெட்டனேட்டர்கள், உரிய குறியீட்டுச் சமிக்ஞை இன்றி இயங்காதவை என்பதால், திருடப்பட்டாலும் தவறாகப் பயன்படுத்துவது கடினம்.

உரிமமும் இருப்புப் பதிவேடும் வெறும் அலுவலக நடைமுறைகள் அல்ல. குவாரிக்குச் சென்ற பெட்டி குவாரியிலேயே பயன்பட்டது என்பதற்கு அவையே சான்று. அந்தக் கணக்கில் விழும் ஓட்டை, யாரோ ஒருவரின் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். குவாரி, சுரங்கப் பகுதிகளில் வெடிக்காத குச்சிகளோ, கம்பி இணைந்த சிறு உலோகக் குழாய்களோ தென்பட்டால், தொடாமல் விலகி நின்று 112 என்ற எண்ணில் தகவல் தெரிவிப்பதே பாதுகாப்பானது.