பழைய கோப்பி யந்திரங்களும் அவற்றைப் பற்றிய சாட்சிகளும்

கோப்பி வடிக்கும் பழைய யந்திரங்களைத் தேடி வாங்குவோர் இன்று பலர். விலை ஏறிய பொருளுக்குக் கதைகளும் ஏறுவது வழக்கம். ஒருவர் எழுதியதைப் பார்த்துப் பத்துப் பேர் எழுதுகின்றனர். ஊற்று ஒன்றேயாயின், பத்துப் பேர் கூறினும் சாட்சி ஒன்றேயாகும்.

எஸ்பிரெசோ எனப்படும், அமுக்கத்தால் விரைவில் வடிக்கும் கோப்பியையே எடுத்துக்கொள்வோம். அதன் யந்திரத்தை முதலிற் கண்டவர் மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸெரா என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அவர் 1901 இல் ஆக்கவுரிமை பெற்றதும், பின்னர் பவோனி என்பவர் அவ்வுரிமையை வாங்கி யந்திரங்களை விற்றதும் உண்மையே. ஆனால் தூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோந்தோ 1884 இலேயே நீராவிக் கோப்பி யந்திரம் ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்று, அவ்வாண்டுக் கண்காட்சியில் அதனை வைத்திருந்தார். அவர் அதனை வணிகப் பொருளாக்கவில்லை. ஆகவே பெயரும் பரவவில்லை. அவுஸ்திரேலியரான இயன் பெர்ஸ்டன், 1993 இல் வெளிவந்த தமது நூலில் அம்மூலப் பத்திரத்தை எடுத்துக்காட்டினார். எனினும், மொரியோந்தோவின் யந்திரம் மொத்தமாக வடித்தது. பெட்ஸெராவினதோ கோப்பை கோப்பையாக வடித்தது. எதிலே முதல்வர் என்று கூறாமல் 'முதல்வர்' என்று மட்டும் எழுதுபவரை நான் எளிதில் நம்புவதில்லை.

யந்திரத்தின் அடியிற் பொறித்த ஆண்டும் ஏமாற்றக்கூடும். அது பெரும்பாலும் ஆக்கவுரிமை வழங்கப்பட்ட ஆண்டு. அதே முத்திரையுடன் பல்லாண்டு யந்திரங்கள் வெளிவந்திருக்கலாம்.

பொருளின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். பழைய நீராவி யந்திரங்களின் அமுக்கம் ஏறக்குறைய ஒன்றரை வளிமண்டல அளவே. கோப்பியின் மேல் இன்று நாம் காணும் தடித்த பொன்னிற நுரைக்கு ஒன்பது வளிமண்டலம் அளவு தேவை. அக்கில்லே காஜியாவின் நெம்புகோல் யந்திரம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடைகளுக்கு வந்தபோதே அந்நுரை பரவலாயிற்று. 1910 ஆம் ஆண்டு யந்திரம் அத்தகைய நுரை தரும் என்று ஒரு குறிப்புக் கூறுமாயின், அதன் ஏனைய செய்திகளையும் ஐயுறலாம்.

ஆண்டு பிழைத்தாற் பணம் மட்டுமே போகும். "இன்னும் பாவிக்கலாம்" என்ற சொல் பிழைத்தாலோ உயிருக்கே ஆபத்து. சுண்ணாம்பு படிந்து காப்பு வால்வு இறுகியிருப்பின் கொதிகலன் வெடிக்கவுங்கூடும். அவ்வாறு எழுதியவர் கொதிகலனைக் கழற்றிப் பார்த்தவரா, அன்றிப் படத்தைப் பார்த்தவரா? விடை தெரியும்வரை யந்திரம் அலுமாரியிலேயே இருக்கட்டும்.