பழைய நீர்ச்சறுக்குப் படகுகளின் வேகம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெப்பின் என்றோர் ஏரி உண்டு. 1922-ம் ஆண்டு ஜூலைத் திங்களில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞர் இரண்டு மரப்பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, ஒரு படகின் பின்னே கயிற்றைப் பிடித்தவாறு அந்த ஏரியின் நீர்ப்பரப்பில் நின்று சறுக்கிக் காட்டினார். நீர்ச்சறுக்கு என்னும் விளையாட்டு இவ்வாறு பிறந்தது. ஆனால், இதற்கெனவே அமைந்த படகு உருவாக ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. மயாமியில் நீர்ச்சறுக்குப் பள்ளி நடத்திவந்த லியோ பென்ட்ஸ் என்பவர் வகுத்த படகை ‘கரெக்ட் கிராஃப்ட்’ என்னும் ஃபுளோரிடாக் கம்பெனி வாங்கி, ‘ஸ்கி நாட்டீக்’ என்ற பெயரால் 1961-ல் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1968-ல் டென்னஸி மாநிலத்தில் ‘மாஸ்டர்கிராஃப்ட்’ படகுகள் தோன்றின. இத்தகைய படகுகளில் யந்திரம் படகின் நடுவே அமைந்திருக்கும். அதிலிருந்து பின்னோக்கிச் சாய்வாக இறங்கும் தண்டின் நுனியில், படகின் அடியிலேயே, உந்து விசிறி சுழலும். வெளிப்புற மோட்டாரைப் போல விசிறியின் சாய்வை ஓட்டுநர் மாற்றிக்கொள்ள இவற்றில் வழியில்லை.

இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்த இத்தகைய படகுகள் அமெரிக்க ஏரிகளில் இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றை வாங்குவோர் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றே: புதிதாயிருந்தபோது மணிக்கு 72 கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லப்படும் படகு இப்பொழுது 60-ஐத் தாண்ட மறுக்கிறது. காணாமற்போன அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் எங்கே சென்றது என்பதை ஆராய்வது பௌதிகத்தில் ஒரு நல்ல பாடம். சில சமயங்களில் அது உயிரைக் காக்கும் ஆராய்ச்சியாகவும் அமைந்துவிடுகிறது.

முதலில் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. இப்படகுகள் பந்தயப் படகுகள் அல்ல. சறுக்கு வீரர் மிதவைகளைச் சுற்றி வளைந்து செல்லும் போட்டியில் ஆடவருக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரும் பெண்டிருக்கு 55-ம் ஆகும். அந்த வேகத்தில் படகின் பின்னே எழும் அலை தாழ்ந்திருக்க வேண்டும், வீரர் பக்கவாட்டில் இழுக்கும்போது படகு நேராகச் செல்ல வேண்டும் என்பவையே வடிவமைத்தோரின் நோக்கங்கள். உச்ச வேகம் அவர்களுக்கு இரண்டாம் பட்சமே. ஆகவே, புதிதாயிருந்தபோது இல்லாத வேகத்தைத் தேடுவது வேறு. இருந்து மறைந்த வேகத்தை மீட்பது வேறு. முன்னதற்குச் செலவு மிகுதி, பயன் குறைவு.

வேகம் உண்மையிலேயே குறைந்ததா?

இக்கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், பழைய படகுகளில் வேகத்தைக் காட்டுவது 1732-ல் ஹென்றி பிட்டோ என்ற பிரெஞ்சுப் பொறியியலார் கண்ட குழாயின் தத்துவமே. படகின் அடியில் முன்னோக்கி நிற்கும் சிறு துளையில் நீர் மோதும்போது உண்டாகும் அழுத்தத்தை ஒரு மெல்லிய குழாய் மானிக்குக் கொண்டுசெல்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், இவ்வழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோகிராம். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தையொட்டி மாறுவதால், குழாயின் இணைப்பில் கசிவு ஏற்பட்டு அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், 72 ஓடும் படகு 68 என்றே காட்டும். துளையில் பாசி அடைத்துக்கொண்டால் பிழை இன்னும் பெரிது. இன்று செயற்கைக் கோள்களைக் கொண்டு இடமறியும் கருவி எல்லோர் கையிலும் இருப்பதால் இந்த ஐயத்தைத் தீர்ப்பது எளிது. காற்றும் நீரோட்டமும் கணக்கைக் கெடுக்காதிருக்க, ஒரே தூரத்தை இரு திசையிலும் ஓட்டிச் சராசரி காண வேண்டும். சுற்றுமானியையும் அவ்வாறே வேறொரு கருவியுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். பின்வரும் கணக்குகள் யாவும் அதை நம்பியே நிற்கின்றன.

எடையும் சக்தியும்

நீரின் மேல் எழும்பிச் சறுக்கியோடும் படகுகளின் வேகத்தை மதிப்பிட, ஜார்ஜ் கிரௌச் என்ற அமெரிக்கப் படகு நிபுணரின் பெயரால் வழங்கும் சூத்திரம் ஒன்று உண்டு. குதிரை சக்தியை எடையால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்தை, படகின் வகைக்கேற்ற ஒரு மாறிலியால் பெருக்கினால் வேகம் கிடைக்கும். இது தோராயமானதுதான். எனினும் இதிலிருந்து தெரியும் உண்மை முக்கியமானது. வேகத்தை நூற்றுக்கு 10 வீதம் உயர்த்த வேண்டுமானால் சக்தியை நூற்றுக்கு 21 வீதம் உயர்த்த வேண்டும். 240 குதிரை சக்தியுள்ள யந்திரத்தை 290 ஆக்குவது சிறிய வேலையன்று. மாறாக, எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், வேகம் நூற்றுக்கு 5 வீதத்துக்குச் சற்று அதிகமாகவே ஏறிவிடும்.

பழைய படகில் பத்தில் ஒரு பங்கு எடையை எங்கிருந்து குறைப்பது என்று கேட்கலாம். தளத்துக்கு அடியில் பாருங்கள் என்பதே விடை. படகு கவிழ்ந்தாலும் முழுகாமலிருக்கும் பொருட்டு அங்கே நுரைப் பிளாஸ்டிக்கை நிரப்புவது வழக்கம். 1971-ம் ஆண்டின் படகுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு இத்தகைய மிதப்பு அமெரிக்காவில் கட்டாயமாயிற்று. இந்த நுரையின் அறைகள் மூடியவை. புதிதில் நீரை உறிஞ்சுவதில்லை. ஆனால், பல ஆண்டுகள் ஈரத்திலும் அதிர்ச்சியிலும் கிடந்து அவ்வறைகள் சிதைந்தபின், நுரை சிறிது சிறிதாக நீரை ஏற்று, பிறகு விடுவதேயில்லை. வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. இழுவண்டியோடு படகை ஓர் எடைமேடையில் ஏற்றி நிறுத்தி, வண்டியின் எடையையும் பெட்ரோலின் எடையையும் கழித்துத் தயாரிப்பாளர் குறித்த எடையோடு ஒப்பிட்டால், பல நூறு ராத்தல் நீரைப் படகு சுமந்துகொண்டிருப்பது அம்பலமாகும்.

காரியம் வேகத்தோடு நிற்பதில்லை. பழைய படகுகள் பலவற்றில் யந்திரத்தைத் தாங்கும் நெடுக்குச் சட்டங்கள் மரத்தாலானவை. கண்ணாடி நார் அவற்றை மூடியிருக்கும். திருகாணித் துளைகள் வழியே நுழையும் நீர், ஊறிய நுரையின் அண்மையில் உலர வழியின்றி, மரத்தை உளுக்கச் செய்கிறது. மேலே கண்ணாடி நாரின் கூடு மட்டும் உருவத்தைக் காட்டி நிற்க, உள்ளே மரம் கூழாகிவிடுகிறது. யந்திரத்தைப் பிடித்திருக்கும் திருகாணிகளுக்குப் பிடிமானம் போய்விடுவதால் யந்திரமும் தண்டும் நேர்கோட்டிலிருந்து விலகுகின்றன. இணைப்புத் தட்டுகளுக்கிடையே உள்ள இடைவெளியின் வேறுபாடு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேற்படக் கூடாது என்பது தொழிலாளர் அறிந்த விதி. இது மீறப்பட்டால் தண்டு அதிர்கிறது, தாங்கிகள் தேய்கின்றன, சக்தியும் வீணாகிறது. இந்நிலையிலுள்ள படகில் பெரிய யந்திரம் ஒன்றைப் பொருத்துவது எத்தகைய அறிவீனம் என்பதைக் கூற வேண்டியதில்லை. ஊறிய நுரையை அகற்றுவோர் சட்டங்களையும் சோதிப்பது நல்லது. எடைக் குறைவில் மகிழ்ந்து, புது நுரை வைக்காமலே தளத்தை மூடிவிடுவது கூடாது. அது மிதப்பைத் துறந்து வேகத்தைப் பெறுவதாகும்.

சக்தியைப் பொறுத்தவரை, யந்திரத்தை மாற்றுமுன் இருக்கும் யந்திரம் முழுமையாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு வாய்க் கார்புரேட்டரில் இரண்டு வாய்கள் முதலிலும் மற்ற இரண்டு இறுதியிலும் திறக்கும். இழுபட்டுத் தளர்ந்த ஒரு கம்பி, நெம்புகோலை முழுதும் தள்ளியபின்னும் பின்னிரண்டு வாய்களை மூடியே வைத்திருக்கக்கூடும். யந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் நெம்புகோலைத் தள்ள, மற்றவர் வால்வுகளைக் கவனித்தால் இது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். தீப்பொறியின் நேரம், ஸ்பார்க் பிளக்குகள், எல்லா சிலிண்டர்களிலும் அமுக்கம் சமமாயிருத்தல் ஆகியவை அடுத்த சோதனைகள். ஆனால், மலிவைக் கருதி மோட்டார்க் காரின் கார்புரேட்டரையோ பொறிச் சாதனங்களையோ படகில் பொருத்துவது அபாயம். காற்றைவிடக் கனமான பெட்ரோல் ஆவி காரில் தரையோடு சிதறிப் போய்விடும். படகிலோ அடித்தட்டில் தேங்கி நிற்கும். படகுக்கான கார்புரேட்டர், பெட்ரோல் மிகைப்பட்டாலும் வெளியே வழியாதபடி அமைந்தது. படகுக்கான மின்கருவிகள் தம்முள் எழும் பொறி வெளியே பரவாதபடி மூடப்பட்டவை. யந்திரத்தின் மூச்சு வாயிலுள்ள சுடர்த்தடுப்பானைக் காற்று தாராளமாகப் புகும் என்று எண்ணிக் கழற்றிவிடுவோரும் உண்டு. சட்டப்படி அது இருந்தே தீர வேண்டும். யந்திரத்தை இயக்குமுன் நான்கு நிமிஷம் காற்றோட்ட விசிறியை ஓடவிடும் வழக்கமும் இந்த ஆவியைக் கருதியே ஏற்பட்டது.

ஏரியின் உயரத்தையும் மறக்கலாகாது. ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் யந்திரம் தன் சக்தியில் நூற்றுக்கு 3 வீதம் இழக்கிறது. கலிஃபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள டாஹோ ஏரி கடல்மட்டத்துக்குமேல் 6,200 அடிக்கு மேற்பட்டது. அங்கே 240 குதிரை சக்தி சுமார் 195 ஆகிவிடுகிறது. சூத்திரப்படி வேகத்தில் பத்தில் ஒரு பங்கு மறைந்துவிடும். படகின் மீது குற்றமில்லை.

உந்து விசிறி

நீராவி டர்பைனைக் கண்ட சார்லஸ் பார்ஸன்ஸ், அதன் ஆற்றலைக் காட்ட ‘டர்பினியா’ என்ற கப்பலை 1894-ல் நீரில் இறக்கினார். யந்திரம் சிறப்பாக ஓடியது. கப்பலோ எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. அதிவேகமாகச் சுழன்ற ஒற்றை விசிறி நீரில் ஆவிக்குழிகளை உண்டாக்கி, உந்துவதற்குப் பதிலாக வெறுமையைக் கடைந்துகொண்டிருந்தது. மூன்று தண்டுகளும் தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகளும் அமைத்தபின், 1897-ல் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுப்பில் 34 நாட் வேகத்தில் அக்கப்பல் ஓடிக் காட்டியது. சறுக்குப் படகின் சொந்தக்காரருக்கும் இதில் பாடம் உண்டு.

விசிறி ஒரு சுற்றுச் சுற்றும்போது, திருகாணி மரத்தில் முன்னேறுவதுபோல வழுக்கலின்றி முன்னேறும் தூரம் அதன் புரியிடைத் தூரம் எனப்படும். 13 அங்குலப் புரியிடையுள்ள விசிறி நேர்த்தொடர்பில் நிமிஷத்துக்கு 4,400 முறை சுற்றினால், கணக்குப்படி மணிக்கு 87 கிலோமீட்டர் செல்ல வேண்டும். படகு 72 ஓடினால் வழுக்கல் நூற்றுக்கு 17 வீதம், இது இயல்பானதே. அதே சுற்றில் 60 மட்டுமே ஓடினால் வழுக்கல் 31 வீதம். அப்பொழுது யந்திரத்தைக் குறை கூறுவதில் பயனில்லை. விசிறியின் இதழ்கள் வளைந்தோ விளிம்பு பிளந்தோ இருக்கலாம், அல்லது படகு மிகக் கனத்திருக்கலாம். மாறாக, வழுக்கல் இயல்பாயிருந்து சுற்று 3,700-க்குமேல் ஏறவில்லையானால், குறை யந்திரத்திலோ, அதற்கு மிஞ்சிய புரியிடையிலோ உள்ளது. இந்த ஒரு கணக்கு பல மாதங்களின் வீண் செலவை மிச்சப்படுத்தவல்லது.

புரியிடையை ஓர் அங்குலம் கூட்டினால் யந்திரத்தின் சுற்று 150 முதல் 200 வரை குறையும். சுற்றுக்கு இடமிருக்கும் யந்திரத்தில் இதனால் வேகம் சற்று ஏறக்கூடும். இடமில்லாத யந்திரத்திலோ சுமை தாளாமல் திணறல் ஏற்படும். நீரிலிருந்து எழ முயலும் சறுக்கு வீரரைப் படகு சட்டென இழுக்க இயலாது. கணிப்பொறிக் கட்டுப்பாட்டில் கடைந்தெடுக்கப்படும் இக்கால விசிறிகளில் இதழுக்கு இதழ் வேறுபாடு மிகக் குறைவாதலால், வார்ப்பு விசிறிக்குப் பதிலாக அவற்றைப் பொருத்துவோர் பலர், வேறெதையும் மாற்றாமலே அதிர்வு தணிவதைக் காண்கின்றனர்.

படகின் அடிப்பரப்பில் பின்கோடியை நெருங்கும் பகுதி உட்குழிந்திருந்தால் அணியம் தாழும், நனையும் பரப்பு கூடும், வேகம் குறையும். இழுவண்டியின் தாங்குபலகைகள் பின்கோடிவரை எட்டாமற்போவதாலும் இத்தகைய குழிவு உண்டாவதுண்டு. எனினும், பின்னலையைத் தாழ்த்துவதற்காக வடிவமைப்போரே சிறிது குழிவை வைத்திருக்கக்கூடும். அதை அறியாமல் தேய்த்துச் சமன்செய்தால், அதிவேகத்தில் அணியம் எழுந்து எழுந்து விழத் தொடங்கும். அடியிலுள்ள செங்குத்துத் தகடுகளை வெட்டியெறிந்தால் நீரின் எதிர்ப்புச் சிறிது குறையும் என்பதும் உண்மையே. ஆனால், வீரர் பக்கவாட்டில் இழுக்கும்போது படகின் பின்பாகம் நழுவாமல் பிடித்திருப்பவை அத்தகடுகளே. அவை போனபின் அதை நீர்ச்சறுக்குப் படகு என்று அழைப்பதற்கில்லை.